பெயிண்ட் போதாது, சேஸிஸ் மாறவேண்டும்!

தியானப் பகுதி: எசேக்கியேல் 36:25-27, மத்தேயு 23:25-28

 

புதுச்சேரியில் குடியிருக்கிற நமக்குத் துருவைப் பற்றி யாரும் பிரசங்கம் பண்ணத் தேவையில்லை. ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தால் அந்தப் பெயிண்ட் உப்பிக்கொண்டு வருகிறது. விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிருகிறது. 1962-ல் கட்டின பழைய துறைமுகப் பாலத்தில் ஒரு பகுதி 2022 மார்ச் மாதம் கடலில் இடிந்து விழுந்ததை நம்மில் அநேகர் நேரிலேயே பார்த்தோம். உப்புக்காற்று அவசரப்படாது, பிரியமானவர்களே. ஆனால் அது தூங்குவதும் இல்லை.

நம் சபையில் ஒரு சகோதரர் மினி லாரி ஓட்டி வந்தார். விடியற்காலையில் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏற்றுவார். ஐஸ் கரைந்து, உப்புத் தண்ணீர் வழி நெடுக வண்டியின் அடியில் சொட்டிக்கொண்டே போகும். செகண்ட்ஸில் வாங்கின வண்டி. எஃப்.சி. காட்டுகிற நாள் வந்தது. டிங்கரிங் பார்த்து, பட்டி வைத்து, பாடிக்கு நீலப் பெயிண்ட், அடியில் சேஸிஸுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, புத்தம் புதுசு போலக் கொண்டுவந்து சபை வாசலில் நிறுத்தினார். "பாஸ்டர், எண்ணெய் பூசி ஜெபம் பண்ணுங்க" என்றார். நானும் சந்தோஷமாய் ஜெபித்தேன். இப்போது சொல்ல வெட்கமாயிருக்கிறது. நான் ஜெபித்தது வண்டிக்கு அல்ல, பெயிண்ட்டுக்கு!

இரண்டு நாள் கழித்து பிரேக்கில் ஏதோ சத்தம் என்று கடலூர் ரோட்டில் ஒரு பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் பாய் வயதானவர். வண்டிக்கு அடியில் படுத்து, சுத்தியலால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங் என்று கேட்டது. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் 'பொத்' என்றது. இன்னும் ஒரு அடி. சுத்தியல் உள்ளே போய்விட்டது! கறுப்புப் பெயிண்ட் மட்டும்தான் மேலே. இரும்பு செதில் செதிலாகக் கொட்டியது. "தகடு வச்சு வெல்டிங் அடிக்கலாமா பாய்?" என்றார் சகோதரர். "தம்பி, வெல்டிங் பிடிக்கறதுக்கும் நல்ல இரும்பு வேணும். இதுல எதைப் பிடிச்சு ஒட்டறது? லோடோட போயிருந்தா நடுவுல முறிஞ்சிருக்கும்" என்றார் பாய்.

ஞாயிறுதோறும் அந்த முன்சீட்டில்தான் அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்து ஆராதனைக்கு வருவார்கள். கர்த்தர் காத்தார்.

அமெரிக்காவில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்த நம் சபை வாலிபர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, அங்கே நடந்ததைச் சொன்னார். அங்கே குளிர்தேசத்து மாகாணங்களில் பனி உறையாதபடி ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பினால் டொயோட்டா கம்பெனியின் டகோமா என்கிற பிக்கப் வண்டிகளின் அடிச்சட்டம் அரித்துப்போயிற்று. துருப்பிடிக்காதபடி செய்யவேண்டிய பூச்சு சரியாக இல்லை என்பது புகார். 2008-ல், 1995 முதல் 2000 வரையிலான மாடல்களுக்குத் துரு வாரண்டியை 15 வருஷமாக்கினார்கள். பிறகு வந்த மாடல்களுக்காக ஜனங்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2016-ல் ஒப்பந்தமாயிற்று. டகோமாவோடு டன்ட்ரா, செக்கோயா வண்டிகளும் சேர்த்துச் சுமார் 15 லட்சம் வண்டிகள். டீலரிடம் கொண்டுபோனால் இலவசமாய்ச் சோதித்தார்கள். சட்டம் அரித்துப்போயிருந்தால் அதையே கழற்றிவிட்டுப் புதுச் சட்டம் போட்டுத் தந்தார்கள். ஒரு வண்டிக்குச் சட்டம் மாற்றுகிற செலவு சுமார் 15,000 டாலர் என்று கணக்கிட்டார்கள். மொத்தம் 340 கோடி டாலர் வரைக்கும் ஆகலாம் என்றார்கள்.

நம் மீன்வண்டிச் சகோதரர் இதைக் கேட்டு ஒரு பெருமூச்சு விட்டார். "எனக்கு அப்படி மாத்திக் குடுக்க ஒரு டீலர் இல்லையே பாஸ்டர்!" என்றார். அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. ஆவியானவர் மூன்று காரியங்களை உணர்த்தினார்.

1. சுத்தியலுக்கு ஒப்புக்கொடுக்க வேண்டும்

டீலர் வீடு தேடி வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சொந்தக்காரன் கொண்டுபோய் நிறுத்தினான். அடியில் பார்க்க விட்டான். கர்த்தருடைய வார்த்தை சுத்தியலைப் போன்றது என்று எரேமியா 23:29-ல் வாசிக்கிறோம். தன்னை ஆராய்ந்து பார்க்கும்படி தாவீது தானே கேட்டான் (சங்கீதம் 139:23). நாமோ செய்தி நம்மைத் தட்டும்போது, "இது பக்கத்து வீட்டு அக்காவுக்கு" என்று தள்ளிவிடுகிறோம். வெள்ளை உடுப்பு, கையில் வேதம், வாயில் அல்லேலூயா. இதெல்லாம் மேல் பெயிண்ட். வீட்டில் மனைவியிடம் பேசுகிற பேச்சு என்ன? தட்டினால் 'டங்' என்கிறதா, 'பொத்' என்கிறதா?

2. ஒட்டுப் போட முடியாது

பழைய வஸ்திரத்தில் புதுத் துணியை ஒட்டுப்போடாதபடி இயேசு சொன்னார் (மத்தேயு 9:16). பாய் சொன்னதும் அதுதான். மூன்று நாள் உபவாசம், ஒரு பொருத்தனை, கொஞ்சம் காணிக்கை என்று தகடு வைக்கிறோம். அங்கே டீலர் என்ன செய்தான்? என்ஜின், பிரேக் குழாய், ஒயர், சக்கரம் எல்லாவற்றையும் பிரித்து, பாடியைத் தூக்கி, புதுச் சட்டத்தில் ஏற்றினான். வண்டி அதே வண்டிதான், தாங்குகிறது வேறே. எசேக்கியேல் 36-ல் கர்த்தர் வாக்குப்பண்ணினதும் இதுவே. கல்லான இருதயத்துக்கு மெருகேற்றுவதாக அவர் சொல்லவில்லை. அதை எடுத்துவிட்டு வேறே இருதயம் தருவதாகச் சொன்னார். பெயர் அதேதான், முகம் அதேதான், உள்ளே புது சிருஷ்டி! அல்லேலூயா!

3. செலவு அவருடையது

அந்தக் கம்பெனி கோர்ட்டுக்கு இழுத்த பிறகுதான் ஒப்பந்தத்துக்கு வந்தது. அப்போதும் தன்மேல் குற்றம் என்று ஒத்துக்கொள்ளவில்லை. நம் ஆண்டவரோ யாரும் வழக்குப் போடாமலே வந்தார். அவர் உண்டாக்கினதில் குறையில்லை. உப்பில் இறங்கினது நாம். ஆனாலும் பில்லை அவர் கட்டினார், கல்வாரியில், தமது இரத்தத்தால்! இன்னொன்று: அங்கே வண்டி விற்ற நாளிலிருந்து 12 வருஷம் என்று கெடு வைத்தார்கள், தவறவிட்டவனுக்கு இல்லை. இங்கே கிருபையின் வாசல் இன்றைக்குத் திறந்திருக்கிறது. நாளைக்கு நாம் இருப்போமா, தெரியாது.

இதை எழுதுகிறவன் முதலாவது தன்னைத் தட்டிப் பார்த்தேன். பாகப்பிரிவினையில் வந்த மனஸ்தாபத்தால், வில்லியனூரில் இருக்கிற என் சொந்த அண்ணனோடு 11 வருஷம் பேசாமல் இருந்தேன். அந்த 11 வருஷமும் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கித்தேன்! மறுநாள் காலை பஸ் ஏறிப் போனேன். கதவைத் திறந்தார். "அண்ணே, தப்பு என்மேலதான்" என்றேன். ஏதேதோ பேச ஆயத்தமாய்ப் போயிருந்தேன். அதற்குமேல் வாய் வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "உள்ளே வா. சாப்ட்டியா?" என்றார். அவர் இன்னும் சபைக்கு வரவில்லை. ஜெபித்துக்கொள்ளுங்கள். ஆனால் இப்போது என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

மீன்வண்டிச் சகோதரர் அந்த வண்டியை ஓட்டுகிறவன் தலையில் கட்டிவிட மனதில்லாமல் எடைக்குப் போட்டுவிட்டார். வாங்க ஆள் வந்தும், பெயிண்ட்டைக் காட்டி விற்கவில்லை. இப்போது வேறொருவர் வண்டிக்குச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார். கடன் பாக்கியிருக்கிறது. "கையில காசு இல்ல பாஸ்டர், ஆனா ராத்திரி தூக்கம் வருது" என்றார். அவருடைய கடனும் தீர, வண்டியும் கிடைக்க, சபையாய் ஜெபிப்போம்; கூடினவர்கள் கைகொடுப்போம்.

தேவபிள்ளையே, உன் வண்டியில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? உன்னை நம்பி ஏறின மனைவி, பிள்ளைகள். லோடோடு நடுரோட்டில் முறியுமுன்னே கொண்டுவந்து நிறுத்து.

ஜெபம்: அன்புள்ள ஆண்டவரே, நான் பூசி மறைத்த இடங்களை நீர் அறிவீர். தட்டிப் பாரும். ஒட்டுப் போடாமல் மாற்றிப் போடும். கிரயம் செலுத்தின உமக்கே என்னைத் தருகிறேன். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.