கீழிறக்கிச் சேமித்தல்

கேட்டியில் எங்கள் தமிழ்ப் பள்ளி ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு மலர் கொண்டுவருகிறது. கட்டுரைகளைத் திருத்திப் பக்கங்களை அடுக்குவது என் பொறுப்பு. கடைசிச் சீர்மையும் அச்சும் மதுரையில். அங்கே அதைச் செய்பவர் அறுபதைத் தாண்டியவர். 1999இல் என் அப்பாவின் கட்டுரைத் தொகுப்பை வடிவமைத்தவரும் அவர்தான்.

சென்ற டிசம்பரில் ஓர் இரவு ஒன்பதரைக்கு அழைத்தார். மதுரையில் அப்போது காலை ஒன்பது. "தம்பி, நீங்க அனுப்பின ஃபைல் தொறக்க மாட்டேங்குது."

நான் புதிய இன்டிசைனில் சேமித்திருந்தேன். அவரிடம் இருப்பது 2012இல் வந்த சிஎஸ்6. ஒரே தடவை பணம் கொடுத்து வாங்கக்கூடிய இன்டிசைன்களில் அதுவே கடைசி. அதன்பின் வந்தவற்றுக்கெல்லாம் சந்தா. "அண்ணே, இன்னும் எத்தனை நாளைக்கு இதையே வச்சிருப்பீங்க? மாத்திடுங்களேன்" என்றேன்.

சற்று நேரம் அவர் பேசவில்லை. "மாத்தலாம் தம்பி. மெஷினையும் சேத்து மாத்தணும். இந்த மாதிரி வேல வருஷத்துக்கு நாலோ அஞ்சோதான் வருது" என்றார்.

போனை வைத்தபின் என் பேச்சு எனக்கே உறுத்தியது. மென்பொருள் துறையில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். புதிய பதிப்பு பழைய கோப்பைப் படிக்கும். பழைய பதிப்பால் புதியதைப் படிக்க முடியாது. அது எழுதப்பட்ட நாளில் இல்லாத வசதிகளை அது எப்படி அறியும்? இந்த இடைவெளியைக் கடக்கத்தான் ஐடிஎம்எல் என்ற வடிவம் இருக்கிறது. பக்கத்தின் அமைப்பை அது எழுத்தாக விவரித்து வைக்கும். 2008இல் வந்த சிஎஸ்4 முதல் எல்லாப் பதிப்பும் அதைத் திறக்கும். புதிய வசதிகள் சில உதிரும், வரிகள் சில இடம் மாறும். எனக்கு ஆகும் செலவு ஒரு மாலை நேரம். அவருக்கோ சில மாத வருமானம்.

பின்தங்கியவர்தான் ஓடிவந்து சேர வேண்டும் என்பது எங்கள் தொழிலில் யாரும் கேள்வி கேட்காத எண்ணம். ஆனால் இரண்டு பேர் பேசும்போது ஒருவருக்கு மட்டும் இரு மொழியும் தெரியும் என்றால், மொழிபெயர்க்கும் கடமை யாருடையது?

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. பழையதற்கு வளைந்துகொடுத்தே தமிழ் ஒருமுறை அடிபட்டிருக்கிறது. 1991 முதலே யூனிகோடில் தமிழ் இருந்தது. ஆனால் தொண்ணூறுகளில் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தமக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டைத் தரமாக்கியது. இணையத்தில் கூடியவர்கள் திஸ்கி என்ற இன்னொன்றை வளர்த்தார்கள். அச்சகங்கள் கையில் இருந்த எழுத்துருவிலேயே தொடர்ந்தன. வாடிக்கையாளரைச் சிரமப்படுத்த வேண்டாம் என்ற நல்லெண்ணமும் அதில் இருந்தது. விளைவு, அந்த எழுத்துருவை எடுத்துவிட்டால் அன்றைய கோப்புகளில் தமிழே இல்லை. தலையில் புள்ளியும் கோடும் வைத்த லத்தீன் எழுத்துகள்தான் மிச்சம்.

அப்பாவின் தொகுப்பும் அப்படிப்பட்டதுதான். பேஜ்மேக்கர் 6.5 கோப்பாக ஒரு குறுந்தகட்டில் இருக்கிறது. அவர் இறந்தபின் மறுபதிப்புக்கு முயன்றேன். இன்றைய இன்டிசைன் பேஜ்மேக்கர் கோப்பைத் திறப்பதில்லை. மலருக்கான ஐடிஎம்எல்லை அனுப்பியபோது, வெட்கத்தோடு அந்தக் கோப்பையும் சேர்த்து அனுப்பினேன். சிஎஸ்6 அதைத் திறந்தது. அன்றைய எழுத்துருவும் அவர் கணினியில் இருந்தது. நான் மாற்றச் சொன்ன அதே கணினி. என் பேச்சைக் கேட்டு அவர் மாற்றியிருந்தால் அப்பாவின் பக்கங்களை நான் பார்த்திருக்கவே முடியாது. இப்போது அதை யூனிகோடுக்கு மாற்றி மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆக, வளைந்துகொடுப்பது மட்டும் போதாது. முன்னே போவது மட்டும் போதாது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பல ஆண்டுகள் நூல்களைத் திஸ்கியிலும் யூனிகோடிலுமாக இரண்டு வடிவிலும் வெளியிட்டது. பழைய கணினியில் இன்று படிப்பவருக்கு ஒன்று, இனி வரப்போகிறவருக்கு ஒன்று. சம்பளமில்லாத தன்னார்வலர்கள் அந்த இரட்டை வேலையைச் சுமந்தார்கள். சுமக்க முடிந்தவர்கள் அவர்கள்தான் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் தேவைப்படவில்லை என்று நினைக்கிறேன்.

இந்த ஆண்டு மலரை நான் கேட்காமலே ஐடிஎம்எல்லாகவும், எழுத்துருக்களோடும், பிடிஎஃப்பாகவும் அனுப்பினேன். யூனிகோடு உரையைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டேன். மறுநாள் இரவு அவர் அழைத்தார்.

"தொறந்துருச்சு தம்பி. ஏழாம் பக்கத்துல மட்டும் ஒரு வரி கீழ எறங்கியிருக்கு. நான் பாத்துக்கிறேன்."