பூனையின் நகமும் நமது சௌகரியமும்



நமது மங்களூர்ப் பக்கத்தில் மக்காச்சோள மூட்டைகளுக்குக் காவல் பூனை. நகம் அதன் ஆயுதம் என்று நாம் அறிவோம். ஆகவே அதைக் குறை சொல்வதில்லை. அமெரிக்காவிலோ பல பூனைகள் வீட்டுக்குள்ளேயே வாழ்கின்றன. அவை சோபாவைக் கீறுகின்றன என்பதற்காக நகங்களை அறுத்தெடுக்கும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக உண்டு. அது தகுமா தகாதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நமக்கென்ன என்று விட்டுவிடாதீர்கள். இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

இது நாம் நகம் வெட்டிக்கொள்வது போன்றதல்ல. பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்து முளைக்கிறது. அது மீண்டும் முளைக்காதிருக்க அந்த எலும்பையே துண்டிக்க வேண்டும். முன்கால்கள் இரண்டிலும் பத்து விரல்கள். நமது பத்து விரல்களையும் கடைசிக் கணுவோடு வெட்டினால் எப்படியோ, அப்படி.

"கீறுகிற பூனையைத் தெருவில் விடுவதைவிட நகத்தை எடுப்பது மேலல்லவா?" என்பார் சிலர். இரக்கமான பேச்சுப்போல் தோன்றும். ஆனால் வழி இரண்டுதானா? சாக்குச் சுற்றிய ஒரு கட்டையை நட்டுவைத்தால் பூனை அதைக் கீறும். நகத்தின் கூரிய நுனியை மட்டும் அவ்வப்போது நறுக்கலாம். நியூயார்க் மாநிலம் 2019-ல் இந்தச் சிகிச்சையைத் தடை செய்தது. நோய்க்காகச் செய்வதை மட்டும் அனுமதித்தது.

நமது நாட்டில், ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் முயற்சியால் பிறந்த 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிராணிகளை அங்கவீனம் செய்வதைக் குற்றம் என்கிறது. ஆனால் அதே சட்டம் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுவதையும், கொம்பு நீக்குவதையும், காயடிப்பதையும் உரிய முறைப்படி செய்ய இடம் தருகிறது. எருதுக்கு ஒரு நீதி, பூனைக்கு ஒரு நீதியா?

அப்படியல்ல. கயிறில்லாத காளை ஆளைக் குத்திக் கொல்லும்; சோபாவின் கீறல் யாரையும் கொல்லாது. ஆயினும் அவசியம் என்ற பெயரால் எதையும் செய்துவிடலாகாது. மரத்துப்போக மருந்து போட வைத்தியர் இருக்கையில், வலிக்க வலிக்க மாட்டுக்குக் காயடிப்பவன் பூனைக்காரனைக் குறை சொல்ல முடியுமா?

பிராணிகள் மீது சர்வேசுரன் நமக்கு அதிகாரம் தந்தது மெய்தான். வேலைக்கும் உணவுக்கும் அவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் வீணாக அவற்றை வதைப்பது மனிதனின் மாண்புக்கே இழுக்கு என்று 1992-ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி போதிக்கிறது. ஆகவே கத்தியை எடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: இது யாருடைய நன்மைக்கு? மெய்யாகவே அவசியமா? வலி குறைந்த வேறு வழி உண்டா?

கத்தி எடுக்காதவர்களுக்கும் இவை பொருந்தும். பூனை ஈன்ற குட்டிகளைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விட்டுவருகிறோமே, அது யாருடைய நன்மைக்கு? வளர்ப்பார் யாரேனும் உண்டா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தோமா? தாய்ப்பூனைக்குக் கருத்தடை செய்யக் கால்நடை வைத்தியரை நாடினோமா? அதுவும் கத்திதான், ஆனால் குட்டிகள் பட்டினியில் சாகாமல் காக்கும் கத்தி.

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைப் பூனையை நமது இஷ்டப்படி வார்க்கலாம், அதற்கு வலிக்காது. நமது அடுப்படியில் படுத்திருக்கிற பூனையை வனைந்தது நமது கையல்ல.