மகிழடிச் சாட்சி

திருவொற்றியூர்த் தியாகராஜ சுவாமி ஆலயத்தில் மாசிப் பிரம்மோற்சவத்தின்போது நடைபெறும் மகிழடி சேவையைத் தரிசித்தவர்கள் அதன் மூல விருத்தாந்தத்தை அறிவார்கள். சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரமூர்த்தி நாயனார், அவரைப் பிரியேனென்று சந்நிதியில் தாம் பிரதிக்ஞை செய்யும் வேளையில் இறைவன் கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டுமென்று வேண்டிக்கொண்டார். இறைவனோ அதற்கு இசைந்து, அந்தச் சத்தியத்தை மகிழடியிலேயே கேட்டு வாங்கும்படி சங்கிலியாருக்கு உணர்த்திவிட்டார். பின்னர் திருவாரூர் மேலுள்ள ஆசையால் சத்தியத்தை மீறி ஊரெல்லையைத் தாண்டிய சுந்தரர் கண்ணொளி இழந்தார்.

சாட்சியில்லாத இடம் பார்த்துக் கடமையை முடித்துக்கொள்ளும் உபாயம் அத்தகைய அருளாளருக்கே பலிக்கவில்லை. ஆனால் வன பரிபாலனத்தில் நாம் அதைச் சட்டமாகவே வகுத்து வைத்திருக்கிறோம். 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், காட்டு நிலம் வேறு காரியத்துக்குப் போகுமானால் அதற்கு ஈடாக மற்றோரிடத்தில் மரம் வளர்க்க வேண்டும் என்பது விதி. அதற்கான நிதியை நிர்வகிக்க 2016இல் தனிச் சட்டமும் பிறந்தது. அழிவு ஓரிடத்தில், பரிகாரம் வேறோரிடத்தில். தர்ம சாஸ்திரமோ, செய்ததற்கு வருந்தி இனிச் செய்யேனென்று விலகுவதையும் பிராயச்சித்தத்தின் அங்கமாகவே வைத்தது.

வேறோரிடத்துப் பரிகாரம் எதை விட்டுவிடுகிறது என்பதை அறிய, எண்ணூரில் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்துக்குச் சென்று பாருங்கள். அலையாத்தியின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக மேலெழுந்து, நீர் வடிந்த நேரத்தில் காற்றை உட்கொள்கின்றன. அந்த வேர்களின் நிழலில்தான் இறால் குஞ்சு வளர்கிறது. அந்த இறாலைத்தான் குப்பத்து மீனவர் நீருக்குள் கையால் தடவிப் பிடிக்கிறார். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கழி மேடாயிற்று; 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் அந்த வேர்களில் கரியதாகப் படிந்தது. இந்த வேருக்கு எங்கோ ஒரு மலையடிவாரத்தில் நடப்படும் கன்று எவ்விதத்தில் ஈடாகும்? கணக்கில் மரத்துக்கு மரம் சரியாகலாம். இறாலுக்கும் அதை நம்பிய குடும்பத்துக்கும் அந்தக் கணக்கில் பத்தியே இல்லை.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமில்லாமல் போய்விடவில்லை. தில்லை மரத்தால் தில்லையென்றும் பெயர் பெற்ற சிதம்பரத்துக்கு அருகே, பிச்சாவரத்தில், முற்காலத்து மரவெட்டினால் நிலம் பள்ளமாகி, தேங்கிய நீர் உப்பேறி, சதுப்புக்காடு பட்டுப்போயிற்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊராரைக் கூட்டிக்கொண்டு, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, கடலேற்றம் உள்ளே வந்து போக வழிசெய்தபின் காடு மீண்டும் தழைத்தது. அங்கே பரிகாரம் காயம்பட்ட இடத்திலேயே, அந்தக் காட்டை அறிந்த மக்களின் கையாலேயே நடந்தது.

தமிழகத்தின் பசுமைப் பரப்பை நூற்றுக்கு 33 பங்காக உயர்த்த அரசு சங்கற்பித்திருக்கிறது. எத்தனை கன்று நட்டோம் என்பதோடு, சாம்பலும் எண்ணெயும் எந்த நாளில் நின்றன என்பதையும் அந்தச் சங்கற்பத்தின் கணக்கில் எழுத வேண்டும்; எண்ணூருக்குச் செய்ய வேண்டியதை எண்ணூரிலேயே செய்ய வேண்டும்.