பள்ளத்தில் குடியமர்த்தியது யார்?

1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய நிலநடுக்கத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். தீண்டாமை ஒழிப்புப் பயணமாக அப்போது தமிழகத்தில் இருந்த காந்தி, ஒன்பது நாள் கழித்துத் திருநெல்வேலியில் பேசியபோது, இது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றார். தாகூருக்கு இது பொறுக்கவில்லை. இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையில்தான் காரணம் உண்டு, அதில் அறத்தைக் கொண்டுவந்து கலப்பது மக்களின் மூடத்தனத்துக்குத் தீனி போடுவதாகும் என்பது அவருடைய மறுப்பு. காந்தி அதைத் தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார். படித்தவர்கள் வழக்கமாகத் தாகூர் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கோப்பை மூடிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. பூமி ஏன் நடுங்கியது என்ற கேள்வியில் தாகூர் சொன்னதே உண்மை. மனிதர்கள் ஏன் செத்தார்கள் என்பது வேறு கேள்வி. அதற்குப் பூமியை மட்டும் காட்டினால் போதாது. சாதிக்கும் சாவுக்கும் தொடர்பு இருக்கிறது என்று காந்தி நினைத்ததில் தவறில்லை. அந்தத் தொடர்பை வானத்தில் போய்த் தேடியதுதான் தவறு.

இந்த இரண்டு கேள்விகளும் எவ்வளவு வேறானவை என்பதற்கு 2010ஆம் ஆண்டு ஒன்றே போதும். ஜனவரியில் ஹைட்டியில் 7.0 அளவு நிலநடுக்கம்; குறைந்த மதிப்பீடுகளின்படியே பல்லாயிரக்கணக்கானோர் இறந்தார்கள். பிப்ரவரியில் சிலியில் 8.8 அளவு, வெளிப்பட்ட ஆற்றல் ஏறத்தாழ ஐந்நூறு மடங்கு, இறந்தவர்களோ சுமார் ஐந்நூறு பேர். அமெரிக்கப் போதகர் பாட் ராபர்ட்சன், ஹைட்டியின் முன்னோர் சாத்தானோடு செய்துகொண்ட ஒப்பந்தமே காரணம் என்றார். ஒப்பந்தம் ஒன்று இருந்தது உண்மைதான், ஆனால் சாத்தானோடு அல்ல. அடிமைகள் போராடி வென்ற அந்த நாட்டின் விடுதலையை ஏற்க வேண்டுமானால், சொத்தை இழந்த தன் பண்ணையார்களுக்காக 15 கோடி பிராங்க் இழப்பீடு தரவேண்டும் என்று 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி மிரட்டியது. பின்னால் தொகை குறைக்கப்பட்டாலும், அதைக் கட்ட வாங்கிய கடன் 20ஆம் நூற்றாண்டு வரை நீண்டது. கஜானா வற்றிய நாட்டில் கட்டட விதி யாருக்குக் கவலை? கிராமத்தில் பிழைக்க வழியின்றித் தலைநகருக்கு வந்தவர்கள், கம்பியும் சிமென்ட்டும் போதாத வீடுகளை மலைச்சரிவில் அடுக்கிக்கொண்டார்கள். சிலி 1960இன் 9.5 அளவு நடுக்கத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு கட்டட விதிகளை இறுக்கியது, அவற்றை நடைமுறையிலும் வைத்திருந்தது.

ஹைட்டியின் நடுக்கம் ஆழம் குறைந்தது, தலைநகருக்கு அருகிலேயே நிகழ்ந்தது, சிலியினுடையது கடலுக்கடியில் நிகழ்ந்தது, எனவே இரண்டையும் ஒப்பிடலாமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தூரமும் ஆழமும் கணக்கில் சேரத்தான் வேண்டும். ஆனால் இத்தனை பெரிய இடைவெளியை அவை மட்டுமே நிரப்பிவிடாது. எல்லா ஆயத்தங்களும் இருந்த ஜப்பானிலேயே 2011 நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் 18,000 பேருக்கு மேல் இறந்தோ காணாமலோ போனார்களே என்பதும் உண்மை. மனிதன் ஒழுங்காக இருந்தால் சாவே நேராது என்று நான் வாதிடவில்லை. இயற்கைக்கென ஒரு பங்கு எப்போதும் உண்டு. நம் பங்கையும் சேர்த்து அதன் தலையில் கட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

நம்மூரில் கடவுள் தண்டனையைவிட அதிகம் காதில் விழுவது தலையெழுத்து, வினைப்பயன். நேரும் துன்பமெல்லாம் முன்வினையால்தானா என்று புத்தரிடம் ஒரு துறவி கேட்டதாகச் சம்யுத்த நிகாயத்தில் ஓர் உரையாடல் வருகிறது. இல்லை என்கிறார் புத்தர். பித்தம், கபம், வாதம், பருவமாற்றம், கவனமின்மை, பிறர் தாக்குதல் என்று காரணங்களை அடுக்குகிறார். எட்டுக் காரணங்களில் வினை ஒன்று, அதுவும் கடைசியில். வினைக் கோட்பாட்டை ஏற்றவரே அதற்கு இப்படி எல்லை வகுத்திருக்கிறார். நாம் அந்த எல்லையை அழித்துவிட்டோம், ஏனென்றால் அது வசதி. 2004 சுனாமிக்குப் பின் சென்னைக் கடலோரக் குடும்பங்கள் பலவற்றைச் செம்மஞ்சேரியில் குடியமர்த்தினார்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி அது. 2015 வெள்ளத்தில் அங்கும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கடலிலிருந்து காப்பாற்றி வெள்ளத்தில் விட்டதற்கு எந்தப் பிறவியின் வினை காரணம்? மனையைத் தேர்ந்தெடுத்த கோப்பில் கையெழுத்து இருக்கும். ஊரின் மேட்டுநிலம் ஒரு சாராருக்கும் பள்ளம் சேரிக்கும் என்று ஆன வரலாற்றில்தான் கோப்பு எதுவும் இல்லை, அதனாலேயே அது இயற்கை போலத் தோன்றுகிறது.

மீனவர் கடலோரத்தில் இருப்பது தொழிலுக்காகத்தானே, அதை யார் திணித்தார்கள் என்று கேட்டால், அதுவும் சரி. நாகப்பட்டினத்தில் அலையில் இறந்தவர்களில் பெரும்பாலோர் மீனவக் குடும்பத்தினர். அவர்களை அங்கே நிறுத்தியது பிழைப்பு. ஆனால் அலை வடிந்தபின் நடந்ததில் கடலுக்குப் பங்கில்லை. நிவாரணம் படகையும் வலையையும் வைத்துக் கணக்கிடப்பட்டபோது, படகு தம் பெயரில் இல்லாத தலித் கூலிகளும் இருளர்களும் இழப்பை நிரூபிக்க முடியாமல் நின்றார்கள். காந்தி தேடிய இணைப்பு இங்கே நிவாரணப் பதிவேட்டில் கிடைக்கிறது.

இப்படிக் கணக்குப் பார்த்தால், பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு இருக்கும் ஒரே ஆறுதலையும் பறிப்பதாகாதா என்பது கனமான மறுப்பு. அவள் ஆண்டவன் எழுத்து என்று சொல்லிக்கொள்வதில் தலையிட எனக்கு உரிமையில்லை. அதே சொல்லை ஓர் அதிகாரியோ மனை வணிகரோ சொன்னால், அது ஆறுதல் அல்ல, வாக்குமூலத்தைத் தவிர்க்கும் வழி. சமயம் சாவுக்குக் காரணம் சொல்லித்தான் தீரவேண்டும் என்பதும் இல்லை. சுனாமியின்போது நாகூர் தர்காவில் மதம் பாராமல் இடம் கொடுத்தார்கள், உடல்களை அடக்கம் செய்ய நிலமும் கொடுத்தார்கள்.