உச்சியும் அடியும்

கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு இறங்கி மரக்காணத்து உப்பளங்களுக்குள் நுழைகிற எவருக்கும் முதலில் மனத்தில் படுவது, அந்தப் பூமியில் உயரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை என்பதுதான். ஒரு புறம் கழுவெளியின் நீர்ப்பரப்பு, மறுபுறம் பாத்தி பாத்தியாக வகுத்த களிமண் தரை, இடையிடையே ஒருவர் நடக்கும் அகலத்துக்கு ஓடும் வரப்புகள், எல்லாவற்றின் மேலும் கவிந்த ஆகாயம். இவற்றுக்கு நடுவே கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிமிர்ந்து நிற்பது, வாரிக் குவித்த உப்பின் வெண்மையான அம்பாரம் ஒன்றே.

இந்தக் கரையில் வாழ்கிறவர்களும் ஓய்வு கிடைத்தால் மலையைத் தேடித்தான் போகிறார்கள். வசதி உள்ளவர்கள் ஏற்காட்டுக்கும் கொடைக்கானலுக்கும் போகிறார்கள். நேர்த்திக்கடன் உள்ளவர்கள் மயிலத்துக்கும் திருவண்ணாமலைக்கும் போகிறார்கள். முன்னதை உல்லாசப் பிரயாணம் என்றும் பின்னதை யாத்திரை என்றும் வேறு வேறு பெயரிட்டு அழைத்தாலும், இருவர் காலும் படுவது கல்லும் முள்ளுமான மலைப்பாதையில்தான்; ஏறி முடித்ததும் கீழே கிடக்கும் ஊரைப் பார்த்து இருவரும் பேச்சிழந்து நிற்பதும் ஒன்றுபோலத்தான். அப்படியானால் மனிதன் தெய்வத்தை ஏன் உயரத்தில் தேடுகிறான்? உச்சியில் இருப்பது அடியில் இல்லையா? இந்த வினா நெடுநாளாக என்னை விட்டு அகலாமல் இருந்துவருகிறது.

தமிழ் மரபு இதற்கு ஒருவகையில் ஆதியிலேயே விடை சொல்லிவிட்டது. மலை சூழ்ந்த குறிஞ்சிக்குச் சேயோனைத் தெய்வமாக வைத்த தொல்காப்பியம், மணலும் உவரும் நிறைந்த நெய்தலையும் அநாதையாக விட்டுவிடாமல் வருணனுக்கு உரியதாக்கிற்று. ஆயினும் காலப்போக்கில் குன்றுகள்தோறும் குமரனுக்குக் கோயில்கள் எழுந்தனவே ஒழிய, கடற்கரையில் வருணனைத் தேடிப் போவார் இல்லை. கண்ணை மேலே உயர்த்துவது எளிது; காலடியைப் பார்ப்பதற்குத்தான் பயிற்சி வேண்டியிருக்கிறது.

மரக்காணத்திலிருந்து மேற்கே புறப்படுகிற சாலை திண்டிவனத்தைத் தாண்டி, செஞ்சியைத் தாண்டி, திருவண்ணாமலையில் கொண்டுபோய் விடுகிறது. அதன் முற்பகுதி மிகப் பழைய வழி. சிறுபாணாற்றுப்படையில் பாணன் போகும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்றும், அவன் சென்றடையும் கிடங்கில் என்னும் ஊர் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது என்றும் அறிஞர் பலர் கருதுவர். உப்பு வண்டிகளை ஓட்டிக்கொண்டு உள்நாட்டுக்குச் சென்ற உமணர்களும் இப்படிப்பட்ட வழிகளில்தான் நடந்திருக்க வேண்டும். கடலையும் மலையையும் பாதையால் இணைத்துவைத்தவர்களில் உப்பு வணிகனும் ஒருவன் என்று எண்ணும்போது, இந்த மண்ணின்மேல் எனக்குத் தனியொரு மதிப்பு உண்டாகிறது.

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலையின் படிகளில் ஏறுகிறவன், நெஞ்சு படபடக்க உச்சியை அடைந்து அங்கே வீசும் காற்றை முகத்தில் வாங்கும்போது, உயரம் என்பதே புனிதம் என்று நம்பிவிடக்கூடும். ஆனால் அந்த உச்சியில் ரங்கநாதர் கோயிலும் இருக்கிறது, பீரங்கியும் இருக்கிறது. 1677இல் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றியதும், பல ஆண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயர் பிடித்ததும் தெய்வ தரிசனத்துக்காக அல்ல; மேலே இருப்பவன் கீழே இருப்பவனை அடக்கலாம் என்பதற்காக. அதே பாறை ஒருவனுக்குப் பணிவைத் தருகிறது, இன்னொருவனுக்கு ஆதிக்கத்தைத் தருகிறது என்றால், புனிதம் பாறையின் உயரத்தில் இல்லை என்பது தெளிவு.

திருவண்ணாமலையோ இந்த வினாவையே தன் தலபுராணமாகக் கொண்ட ஊர். ஜோதிப் பிழம்பாய் நின்ற சிவபெருமானின் முடியைக் காணப் பிரமன் அன்னமாகிப் பறந்ததும், அடியைக் காணத் திருமால் வராகமாகித் தோண்டியதும், இருவரும் காணாமல் திரும்பியதும் நாம் அறிந்த கதை. மேலே போனவனுக்கும் அகப்படவில்லை, கீழே போனவனுக்கும் அகப்படவில்லை என்பதே அதன் சாரம். அதனால்தானோ என்னவோ, அங்கே பக்தர்கள் பெரும்பாலும் மலையின்மேல் ஏறுவதைவிட, அதை வலமாகப் பதினான்கு கிலோமீட்டர் சுற்றி வருவதையே வழிபாடாகக் கொண்டார்கள். 1896இல் அங்கு வந்து, மலைக்குகைகளில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்த ரமண மகரிஷியும், 1922இல் தம் தாயார் மறைந்த பிறகு இறங்கிவந்து, அன்னையின் சமாதி இருந்த அடிவாரத்திலேயே 1950இல் தம் இறுதிக்காலம்வரை தங்கிவிட்டார். ஏறியதில் எவ்வளவு ஞானம் உண்டோ, இறங்கியதிலும் அவ்வளவு உண்டு என்றே நான் கொள்கிறேன்.

இத்தனைக்கும் தெளிவான விடையை எனக்குத் தந்தது உப்புதான். சாந்தோக்கிய உபநிஷதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவிடம் ஓர் உப்புக்கட்டியை இரவில் தண்ணீரில் போடச் சொல்லி, மறுநாள் காலையில் அதை எடுத்துத் தரும்படி கேட்கிறார். உப்பு கரைந்துவிட்டது, கைக்கு அகப்படவில்லை. மேலிருந்து பருகு என்கிறார், கரிக்கிறது. நடுவிலிருந்து பருகு என்கிறார், கரிக்கிறது. அடியிலிருந்து பருகு என்கிறார், அங்கும் கரிக்கிறது. உலகெங்கும் கலந்து நிற்கும் மெய்ப்பொருளும் இப்படியே என்பது அவர் உபதேசம்.

எங்கும் நிறைந்தது ஒன்றே என்றால், வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கலாமே, மலைக்கும் கடலுக்கும் ஏன் நடக்க வேண்டும் என்று கேட்கலாம். அந்த உபநிஷதக் கதையை மறுபடி பார்க்க வேண்டும். தந்தை உண்மையை வாயால் சொல்லி நிறுத்தவில்லை; மகனை மூன்று இடத்திலும் பருகச் செய்த பிறகே சொல்கிறார். கண்ணுக்குத் தெரியாத உப்பை நாவால்தான் அறிய முடியும். நிலத்தின் விஷயத்தில் நமக்கு நாக்காக இருப்பது கால். மலைப்பாதையில் நடப்பது மேலிருந்து ஒரு மிடறு. உப்பள வரப்பில் நடப்பது அடியிலிருந்து ஒரு மிடறு. ருசித்து நடப்பவனுக்கு உல்லாசப் பிரயாணமும் யாத்திரையாகும். ருசியாமல் ஓடுபவனுக்கு யாத்திரையும் வெறும் அலைச்சலாகும். 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து வேதாரணியம்வரை ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நடந்தது எந்தச் சிகரத்தையும் நோக்கி அல்ல, ஒரு பிடி உப்பை நோக்கித்தான். அதைவிடப் பெரிய யாத்திரை எது?

சென்ற கோடையில் ஒரு விடியற்காலையில் மரக்காணத்து உப்பளத்தில் நின்றிருந்தேன். உப்பு விளையும் பாத்தி மட்டமாக இருக்க வேண்டும். மேடு பள்ளம் இருந்தால் விளைச்சல் சீராக வராது. அதற்காகப் பருவத் தொடக்கத்தில் சேற்றைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். வெயிலும் காற்றும் நீரைக் குடித்துவிட, மிஞ்சிய உப்பைப் பலகையால் வாரி, கூடையில் நிரப்பிக் கொண்டுபோகிறார்கள். வயதான ஓர் அம்மாள் தலையில் கூடையுடன், வரப்பு வழியே வந்து, சரியும் உப்பில் கட்டைவிரலை ஊன்றி ஊன்றி அம்பாரத்தின்மேல் ஏறிக் கவிழ்த்துவிட்டு இறங்கினார். வெடித்த குதிகால்களில் உப்பு வெள்ளையாக அப்பியிருந்தது.

"அண்ணாமலைக்குப் போயிருக்கீங்களா அம்மா?" என்று கேட்டேன்.

"கார்த்திகைக்குப் போவோம் சாமி. மழையில இங்க வேலை இருக்காதே. மலை சுத்திட்டு வந்துடுவோம். ஏறுறதுதான் தினமும் ஏறுறோமே" என்றார்.

அவர் நடையைப் புனிதம் என்று புகழ்வது எளிது. ஆனால் அந்தக் குதிகால்களைப் பாராமல் புகழ்வது பாவம். அடியிலும் அதே உப்பு கரிக்கிறது என்பதை உண்மையாக நம்புகிறவர்கள், மலையேறும் பக்தனுக்கு வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் வைப்பதுபோல, அடியில் நடக்கிற இவருக்கும் நிழலும் குடிநீரும், உழைப்புக்கு ஏற்ற கூலியும் கிடைக்கச் செய்யக் கடமைப்பட்டவர்கள். அதையும் செய்யாத வேதாந்தம் நாவில் படாத உப்புதான்.

அம்மாள் வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு மறுபடி பாத்தியை நோக்கி நடந்தார். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் பின்னால் அந்த வரப்பில் சிறிது தூரம் நடந்தேன். பாதம் எரிந்தது.