உணவிட்ட கையால் வேட்டையா?

வேட்டையாடுவது மார்க்கத்தில் ஆகுமானதா என்று கேட்டால், மதரஸாவில் ஓதும் சிறு மாணவரும் விடை சொல்லிவிடுவார். இஹ்ராம் கட்டிய நிலையிலும் ஹரம் எல்லைக்குள்ளும் தரைப் பிராணிகளை வேட்டையாடக் கூடாது. மற்ற நேரங்களில், உரிய நிபந்தனைகளுடன் ஆகும். திருமறையின் ஐந்தாம் அத்தியாயமாகிய அல்மாயிதா இதைத் தெளிவாக்குகிறது. ஃபிக்ஹு நூல்களிலும் வேட்டைக்கென்று தனிப் பாடமே உண்டு. ஆனால் அந்தப் பாடம் பெரும்பாலும் அம்பு வில்லைவிட்டுக் கிளம்பும் நேரத்திலிருந்தே பேசத் தொடங்குகிறது. அதற்கு முன்னால் நடப்பவை எப்படிப்பட்டவை? மாதக்கணக்கில் ஒரு பிராணியின் போக்குவரத்தை வேவு பார்த்து, அதற்குப் பிடித்த பயிரை விதைத்து, அது அச்சமின்றி மேய வரும்போது மறைந்திருந்து சுடுவது நியாயமா? அது நம்பிக்கைத் துரோகமாகாதா? இக்கேள்வியையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

இது நம் ஊர் வழக்கமல்ல. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை தண்டனைக்குரிய குற்றம். ஆனால் அமெரிக்காவில் அது சட்டம் அனுமதித்த ஒன்று. அங்கே வாழும் முஸ்லிம்களிலும் வேட்டைக்குச் செல்வோர் உண்டு. எனவே அங்குள்ள நடைமுறையை முதலில் பார்ப்போம்.

ஓராண்டு ஏற்பாடு

அமெரிக்காவின் வடபகுதியில் விஸ்கான்சின் என்றொரு மாநிலம் இருக்கிறது. பால் பண்ணைகளும், மக்காச்சோளம், சோயா, குதிரைமசால் வயல்களும், இடையிடையே சிறு காடுகளும் நிறைந்த பூமி. அங்கே வெள்ளைவால் மான்கள் ஏராளம். நவம்பரில் வரும் தாங்க்ஸ்கிவிங் திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாட்கள் துப்பாக்கி வேட்டைக்குரிய பருவம். வில்வேட்டை செப்டம்பர் நடுவிலேயே தொடங்கிவிடும்.

வேட்டை ஒன்பது நாள்தான். ஏற்பாடோ ஆண்டு முழுவதும் நடக்கிறது. பனிக்காலம் கழியும்போது, ஆண் மான்கள் உதிர்த்த கொம்புகளை வயலோரங்களில் தேடுவார்கள். எந்த மான் பருவத்தைத் தாண்டி உயிரோடிருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். வசந்தத்திலும் கோடையிலும் சிறு துண்டு நிலங்களில் கிளோவர், டர்னிப் போன்ற தீவனப் பயிர்களை விதைப்பார்கள். கோடையின் கடைசியில் அந்திப் பொழுதுகளில் தொலைவில் அமர்ந்து, எத்தனை மான்கள், எந்த மூலையிலிருந்து சோயா வயலுக்கு வருகின்றன என்று பார்ப்பார்கள். இலையுதிர் காலத்தில் ஓக் மரக் கொட்டைகள் விழத் தொடங்கியதும், மான்கள் வயலை விட்டுக் காட்டுக்குள் மேயப்போகும். மக்காச்சோளம் அறுவடையானதும் அவற்றின் மறைவிடமே மாறிவிடும். ஆண் மான் கொம்பால் மரப்பட்டையை உரசிய தடமும், குளம்பால் தரையைச் சுரண்டிய இடமும் அவற்றின் பாதையைக் காட்டிக் கொடுக்கும். காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்று பார்த்து, மனித வாடை மானுக்கு எட்டாத இடத்தில் பரண் கட்டுவார்கள். பரணிலிருந்து பார்வையை மறைக்கும் கிளைகளை முன்கூட்டியே வெட்டிவிடுவார்கள்.

இப்படி ஒரு பிராணியின் பசி, தூக்கம், அச்சம், இணைதேடல் அனைத்தையும் அறிந்துகொண்டு, அந்த அறிவையே அதற்கு எதிராகத் திருப்புவதுதான் வேட்டை. இதைக் கேட்டதும் மென்மையான உள்ளம் ஒன்று துணுக்குறுமானால், அதை நாம் குறைகூற மாட்டோம்.

குர்பானி ஆட்டை நினைத்துப் பாருங்கள்

ஆனால் நம் வீடுகளை ஒரு கணம் நினைத்துப் பார்ப்போம். ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில மாதங்களுக்கு முன்பே ஆட்டுக்குட்டி வாங்கிக் கட்டுகிறோம். பிள்ளைகள் அதற்குத் தழை ஒடித்துப் போடுகிறார்கள். பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். அது நம் கையை மோந்து பார்த்து உண்கிறது. பெருநாளன்று அதே வீட்டார் அதை அறுக்கிறார்கள். உணவிட்ட கை அறுப்பதே துரோகமென்றால், மான் வேட்டையைவிட இதுவன்றோ பெரிய துரோகம்!

மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. ஏன்? அந்த உயிர் ஆட்டுக்கும் சொந்தமல்ல, நமக்கும் சொந்தமல்ல, படைத்தவனுக்கே சொந்தம். அவன் பெயர் கூறி, அவன் அனுமதித்த முறையில், அவன் அனுமதித்த தேவைக்காக எடுக்கும்போது மட்டுமே நமக்கு உரிமை பிறக்கிறது. பிஸ்மி என்பது வெறும் சடங்குச் சொல்லன்று. "இது என் அதிகாரத்தால் அல்ல" என்று அறுப்பவர் செய்யும் ஒப்புதல் அது. ஆகவே உணவிட்டோமா இல்லையா என்பது துரோகத்தின் அளவுகோலல்ல. அனுமதியின் எல்லையில் நின்றோமா என்பதே அளவுகோல்.

மறைந்திருப்பதும், வலை விரிப்பதும், பழக்கிய நாயை ஏவுவதும் வேட்டையின் இயல்பு. பழக்கிய வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ண இறைமறையே அனுமதித்திருக்கிறது. எனவே மானை ஏமாற்றுவது மட்டும் குற்றமாகிவிடாது.

எது உண்மையான ஏமாற்று?

மானை ஏமாற்றுவது வேறு. கட்டளையை ஏமாற்றுவது வேறு. இந்த வேறுபாட்டைப் புரியவைக்கும் வரலாறு ஒன்று திருமறையின் அல்அஃராஃப் அத்தியாயத்தில் இருக்கிறது. கடலோர ஊரில் வாழ்ந்த பனூ இஸ்ராயீல்களுக்குச் சனிக்கிழமை மீன்பிடிப்பது தடை. அவர்களைச் சோதிக்க, அன்றுதான் மீன்கள் கூட்டங்கூட்டமாக மேலே வந்தன. மற்ற நாட்களில் வருவதில்லை. அவர்களில் சிலர் வெள்ளியன்றே வலையும் குழியும் ஏற்பாடு செய்துவிட்டு, சனியன்று சிக்கியதை ஞாயிறன்று எடுத்தார்கள் என்று விரிவுரையாளர்கள் கூறுவர். அவர்கள் தண்டிக்கப்பட்டது மீனை ஏமாற்றியதற்காகவா? இல்லை, அல்லாஹ்வின் கட்டளையை ஏமாற்ற முயன்றதற்காக. கவனியுங்கள்: அவர்களின் பாவம் பிடிக்கும் நேரத்தில் தொடங்கவில்லை, ஏற்பாட்டு நேரத்திலேயே தொடங்கிவிட்டது!

இதை அந்த அமெரிக்க வயலுக்குக் கொண்டு செல்வோம். 1900ஆம் ஆண்டு வாக்கில், கட்டுப்பாடற்ற வேட்டையால் அந்நாட்டில் வெள்ளைவால் மான்கள் சில லட்சங்களாகச் சுருங்கிவிட்டன. பின்னர் வேட்டைப் பருவம், உரிமச்சீட்டு, எண்ணிக்கை வரம்பு என்று சட்டங்கள் வந்தன. 1937இல், துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வரும் வரியை வனவிலங்கு நலனுக்கே செலவிடும் சட்டமும் வந்தது. இன்று அவை மீண்டும் கோடிக்கணக்கில் பெருகியிருக்கின்றன. உரிமச்சீட்டு வாங்குகிறவர் இந்த நிபந்தனைகளை ஏற்றுக் கையெழுத்திடுகிறார். அல்மாயிதாவின் முதல் வசனம் ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சொல்லிவிட்டு, அதே வசனத்திலேயே இஹ்ராமில் வேட்டையைத் தடுப்பதைப் பாருங்கள். வாக்கைக் காப்பதும் வேட்டையில் கட்டுப்படுவதும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கின்றன!

மான்களுக்குப் பரவும் மூளைச்சிதைவு நோய் ஒன்றுண்டு. 1967இல் கொலராடோ மாநிலத்து ஆராய்ச்சிக்கூடத்தில் முதலில் கவனிக்கப்பட்டது. 2002இல் விஸ்கான்சினிலும் கண்டறியப்பட்டது. அதற்கு மருந்தில்லை. எச்சிலாலும் சிறுநீராலும் பரவும். மண்ணில் பல ஆண்டுகள் தங்கும். ஓரிடத்தில் தானியத்தைக் குவித்தால், பல மான்கள் வாயோடு வாய் வைத்து உண்ணும். அதனால் அம்மாநிலத்தில் நோயுள்ள பகுதிகளில் தானியம் கொட்டுவது தடை செய்யப்பட்டிருக்கிறது. பயிராக விதைத்து வளர்ப்பதற்கு அத்தடை இல்லை. இப்போது ஒருவர் தடையுள்ள இடத்தில் மக்காச்சோளத்தைக் கொட்டிவிட்டு, "இது மானுக்கல்ல, பறவைகளுக்கு" என்று கூறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளியன்று வலை விரித்தவருக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு? இவர் ஏமாற்றுவது மானை மட்டுமல்ல. தாம் கொடுத்த வாக்கை, அண்டை நிலத்தாரை, நோய்க்கு ஆளாகும் மந்தை முழுவதையும்.

அந்நோய் மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை நிரூபணமாகவில்லை. ஆயினும் நோய் கண்ட மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் கூறுகின்றனர். ஹலாலாக இருப்பதோடு தூய்மையானதாகவும் இருப்பதை உண்ணும்படியே நாம் ஏவப்பட்டிருக்கிறோம். சோதித்துப் பார்த்து உண்பதே பேணுதல்.

கத்தியைத் தீட்டுவது போல

எல்லா விஷயத்திலும் அழகிய முறையைப் பேணும்படியும், அறுக்கும்போது கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு வேதனையைக் குறைக்கும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். ஹஸ்ரத் ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் முஸ்லிம் நூலில் உள்ளது. கத்தி எப்போது தீட்டப்படுகிறது? அறுப்பதற்கு முன்பு! ஆகவே முன்னேற்பாடு வெறும் அனுமதி மட்டுமல்ல. பிராணிக்கு நாம் செலுத்த வேண்டிய கடமை.

வேட்டைக்காரருக்குக் கத்தி தீட்டுவது என்பது என்ன? பருவத்துக்கு முன்பே துப்பாக்கியின் குறியைச் சரிபார்ப்பது. தம்மால் தவறாமல் சுடக்கூடிய தூரம் எவ்வளவென்று நேர்மையாக அறிவது. மான் அந்தத் தூரத்துக்குள் வரும் இடமாகப் பார்த்துப் பரண் கட்டுவது. முன்னங்காலுக்குப் பின்னே இதயமும் நுரையீரலும் உள்ள இடம் தெளிவாகத் தெரியாதவரை விரலை அசைக்காமலிருப்பது. தடம் பார்ப்பதிலும் கிளை வெட்டுவதிலும் இந்த எண்ணம் இருந்தால், அந்த வேலைகள் வஞ்சகமல்ல, இரக்கமே.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. காயம்பட்ட மான் ஓடினால், அரைமணி நேரம் காத்திருந்து பிறகு தேடிச் செல்லுங்கள் என்பது அங்குள்ள வேட்டைக்காரர் வழக்கம். உடனே துரத்தினால் அது இன்னும் தொலைவு ஓடிவிடும். விட்டால் அருகிலேயே படுத்து உயிர்விடும் என்பது அதன் காரணம். நம் ஃபுகஹாக்களோ, தேடுவதை விட்டு உட்கார்ந்துவிடக் கூடாது என்றும், உயிருடன் கையில் கிடைத்தால் அறுத்தேயாக வேண்டும் என்றும் நிபந்தனை விதித்திருக்கிறார்கள். துப்பாக்கிக் குண்டு விஷயத்திலும் பிற்கால உலமாக்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. துளைத்துச் செல்லும் குண்டு அம்பைப் போன்றது என்பது சிலர் கருத்து. உயிர் போகுமுன் அறுத்தாலன்றிக் கூடாது என்பது வேறு சிலர் கருத்து. வேட்டைக்குச் செல்வோர் தத்தம் மத்ஹபின் ஆலிமிடம் இவற்றைப் பருவத்துக்கு முன்பே கேட்டுத் தெளிவது அவசியம். சுட்டு முடித்தபின் கேட்பது, அறுத்து முடித்தபின் கத்தி தீட்டுவது போன்றதுதான். நின்ற இடத்திலேயே விழும்படி அருகிலிருந்து மட்டுமே சுடுவது என்ற உறுதி இருந்தால், இச்சிக்கல்களில் பெரும்பகுதி எழவே எழாது.

பழகிய நிலம்

அறிமுகமில்லாத நிலத்தைவிடப் பழகிய நிலமே சில வேளைகளில் ஆபத்தானது. "எனக்குத் தெரியாத வரப்பா?" என்ற எண்ணம் கண்ணை மூடிவிடும். சென்ற ஆண்டு மக்காச்சோளம் நின்று மறைத்த இடத்தில் இவ்வாண்டு குட்டையான சோயா இருக்கும். மரக்கூட்டத்துக்கு அப்பால் புதிதாக ஒரு வீடு எழும்பியிருக்கும். துப்பாக்கிக் குண்டோ ஒரு மைலுக்கும் அப்பால் செல்லக் கூடியது. ஆகவே மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஆண்டுதோறும் புதிதாக நடந்து பார்ப்பது அண்டை வீட்டார் உரிமை. காயம்பட்ட மான் வேலி தாண்டினால், அனுமதி பெறாமல் அடுத்தவர் நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்பது அந்த மாநிலத்துச் சட்டம். நமக்கு அது மார்க்கமும்கூட. பருவத்துக்கு முன்பே சென்று ஸலாமோ வணக்கமோ கூறி அனுமதி கேட்டு வைப்பதும் ஏற்பாட்டில் சேர்ந்ததே.

மூன்றாவது ஏமாற்று

மானை ஏமாற்றுவது, கட்டளையை ஏமாற்றுவது என்று இரண்டைச் சொன்னோம். மூன்றாவது ஒன்றும் உண்டு: தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. பயிரைக் காக்கவும் வீட்டாருக்கு இறைச்சிக்கும் என்று சொல்லிக்கொண்டு, உள்ளுக்குள் பெரிய கொம்பைச் சுவரில் மாட்டிப் பெருமையடிக்க விரும்பினால், அந்த நிய்யத்தை யார் அறிவார்? அல்லாஹ் அறிவான். பயனின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவியும் மறுமையில் முறையிடும் என்று நஸாயீ நூலில் வந்துள்ளது. ஒரு பறவையைக் கட்டிவைத்துக் குறிபார்த்து அம்பெய்த இளைஞர்கள், ஹஸ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்களைக் கண்டதும் கலைந்து ஓடினார்களாம். உயிருள்ளதை இலக்காக்குவோரை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக அவர்கள் எடுத்துரைத்தார்கள். உண்பதற்கல்லாமல் கைத்திறனைக் காட்டுவதற்கென்றே சுடுபவர், மானைக் கயிற்றால் கட்டவில்லை என்பதைத் தவிர வேறென்ன வேறுபாடு?

கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டுவந்து முஃமின்களைச் சோதிப்பதாக அல்லாஹ் அல்மாயிதாவில் அறிவிக்கிறான். மறைவில் தன்னை அஞ்சுவோர் யார் என்பது அதில் வெளிப்படும். ஹுதைபிய்யா பயணத்தில், இஹ்ராம் அணிந்திருந்த ஸஹாபாக்களின் கூடாரங்கள் வரை பிராணிகள் நெருங்கி வந்தன என்று விரிவுரையாளர்கள் கூறுவர். அவர்கள் தொடவில்லை.

பரணில் தனித்திருப்பவருக்கும் அதே சோதனைதான். ஓராண்டு உழைத்துத் தேடிய மான் முப்பதடி தூரத்தில் வந்து நிற்கிறது. ஆனால் அன்றைய நேரம் முடிந்துவிட்டது. அல்லது அதற்குப் பின்னால் ஒரு வீட்டு விளக்கு தெரிகிறது. அல்லது அவரது சீட்டு ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. பார்ப்பவர் எவருமில்லை. அப்போது துப்பாக்கியைத் தாழ்த்தக் கூடிய மனிதரை அந்த ஓராண்டு ஏற்பாடு உருவாக்கியிருக்குமானால், அவர் விதைத்த வயல் துரோகத்தின் வயலல்ல.

எட்டும் தூரத்தில் வரும் சோதனை காட்டில் மட்டுமா இருக்கிறது? கடையின் தராசில், பிறர் பணம் தங்கும் பெட்டியில், அநாதையின் சொத்தில், அனைத்திலும் இருக்கிறது. அந்நேரத்தில் என்ன செய்வோம் என்பது அந்நேரத்தில் முடிவாவதில்லை. அதற்கு முன்பு நாம் செய்யும் ஏற்பாட்டில் முடிவாகிறது. மறைவிலும் அவனை அஞ்சி எல்லையில் நிற்கும் உள்ளத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.