உறக்க மாத்திரையும் குற்றமும்

நெடுநாளாக உறக்க மாத்திரை உட்கொண்டு, இப்பொழுது அதை விட முடியாமல் தவிக்கும் ஒருவர் ஒழுக்கத்தில் தவறியவரா? இக்கேள்வியை நம்மவர் ஆராய்வதில்லை. ஆராயுமுன்னரே விடை கூறிவிடுகின்றனர். ஒரு மாது டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இரவுதோறும் விழுங்கி வரும்வரை அவரைக் குறை கூறுவார் எவருமிலர். டாக்டர் மருந்து என்றால் நம்மிடையே அதற்கோர் தனி மதிப்பு உண்டன்றோ? அதே மாது மூன்றாண்டுகளுக்குப் பின், மாத்திரை தீர்ந்த இரவில் கை நடுங்கி, விடியும்வரை விழித்திருந்து, மறுநாள் கிளினிக் வாசலில் முதல் ஆளாய்ப் போய் நிற்பாராயின், 'மாத்திரைக்கு அடிமையாகி விட்டாள்' என்ற பேச்சு எழுகின்றது. மாத்திரை மாறவில்லை, எழுதிக் கொடுத்தவர் மாறவில்லை, அம்மாதின் நடத்தையும் மாறவில்லை. நம் வாயிலுள்ள சொல் ஒன்றே மாறியிருக்கின்றது.

அந்த 'அடிமை' என்னும் சொல்லைச் சற்று நிறுத்துப் பார்க்க வேண்டும். ஆங்கில வைத்திய நூல்களில் இதற்கு இரு சொற்கள் உள. கேடு விளையும் என்று அறிந்திருந்தும், வீட்டையும் வேலையையும் மறந்து, ஒரு பொருளை நாடி ஓடும் நிலையை 'அடிக்‌ஷன்' என்பர். உடல் ஒரு மருந்துக்குப் பழகிப்போய், அது கிடையாதபோது துன்புறும் நிலையை 'டிபெண்டன்ஸ்' என்பர். முன்னதற்கு வேட்கை என்றும், பின்னதற்குச் சார்பு என்றும் நாம் பெயர் வைத்துக்கொள்ளலாம். சிலரிடம் இவ்விரண்டும் சேர்ந்தே காணப்படுவதுண்டு. 'எரிமின் 5' என்னும் மாத்திரை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மயக்கத்துக்காகக் கள்ளத்தனமாக விற்கப்பட்ட கதையை நேயர்கள் அறிவர். ஆயினும் டாக்டர் சொன்ன அளவில் ஒரு மாத்திரையை உண்டு படுக்கும் பெரியவரையும் அந்தக் கூட்டத்தையும் ஒரே சொல்லால் குறிப்பது, காய்ச்சலால் தள்ளாடுபவனையும் கள்ளால் தள்ளாடுபவனையும் ஒரே கம்பால் அடிப்பதாகும்.

சார்பு எவ்வாறு உண்டாகின்றது? நம் மூளையில் 'காபா' என்றோர் இயற்கைப் பொருள் உளது. நரம்புகளின் பரபரப்பை அடக்குவது அதன் வேலை. டயஸிபாம், லோரஸிபாம், அல்பிரஸோலம் முதலிய பென்ஸோடயஸிபீன் மருந்துகளும், பின்னர் வந்த ஸோல்பிடெம் போன்றவையும் அந்தக் காபாவின் வேலையை மிகுதிப்படுத்துகின்றன. அதனால் உறக்கம் வருகின்றது. ஆனால் இவ்வுதவி இரவுதோறும் வெளியிலிருந்து வரவே, மூளை அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்கின்றது. தன் சொந்த அடக்கத்தைத் தளர்த்தி விடுகின்றது. இதற்குச் சில வாரங்களே போதும். பின்பு ஒருநாள் மருந்து நின்றுவிட்டால், அடக்குவாரின்றி நரம்புகள் துள்ளுகின்றன. வியர்வை, நடுக்கம், காரணமற்ற அச்சம், முன்பிருந்ததைக் காட்டிலும் கொடிய உறக்கமின்மை ஆகியவை தோன்றுகின்றன. துன்பப்படுகிறவர் இதைக் கண்டு, 'என் வியாதி இன்னும் தீரவில்லை. மாத்திரையில்லாமல் எனக்கு உறக்கமே கிடையாது' என்று முடிவு செய்கின்றார். மருந்தினால் வந்த துன்பமே மருந்துக்குச் சாட்சி சொல்லும் விந்தை இது.

இம்மாறுதலில் நற்குணம் தீக்குணம் என்பதற்கு இடம் எங்கே? ஊரார் போற்றும் உத்தமருக்கும், ஊரை ஏய்க்கும் போக்கிரிக்கும் இதே மாத்திரையை ஆறு மாதம் கொடுத்தால், இருவருடைய மூளையும் ஒருவிதமாகவே பழகும்.

அப்படியாயின் குற்றம் யாருடையது? சரித்திரத்தைப் பார்ப்போம். 1903-இல் ஜெர்மனியில் எமில் பிஷரும் யோசேப் பான் மேரிங்கும் பார்பிட்டால் என்னும் மருந்தை உலகுக்கு அறிவித்தனர். 'வெரனால்' என்ற பெயரில் அது விலைபோயிற்று. அவ்வினத்து மருந்துகள் அளவு மீறினால் உயிரையே கொண்டுபோயின, விடுவதும் அரிதாயிற்று. பின்னர் லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் ரசாயன அறிஞர் கண்ட லிப்ரியம் 1960-லும், வாலியம் 1963-லும் கடைக்கு வந்தன. பழைய மருந்தினும் இவை உயிருக்கு ஆபத்துக் குறைந்தவை என்பது மெய்யே. ஆனால் 1961-லேயே அமெரிக்காவில் ஹாலிஸ்டர் என்னும் வைத்தியரும் அவர்தம் தோழர்களும், லிப்ரியத்தை மிகுந்த அளவில் உண்டுவந்த நோயாளிகளுக்கு அதைத் திடீரென நிறுத்தியபோது துன்பக் குறிகள் தோன்றியதையும், சிலருக்கு வலிப்பு வந்ததையும் கண்டு எழுதினர். இவ்வகை மருந்துகளை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குமேல் கொடுத்தலாகாது என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு டாக்டர்களுக்கு அறிவுறுத்தியது 1988-இல். இடையே 27 ஆண்டுகள்! அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து நிர்வாகம் சார்பைப் பற்றிய எச்சரிக்கையை மருந்துக் குறிப்பிலேயே கட்டங்கட்டி அச்சிடுமாறு பணித்தது 2020-இல். அறிந்தவர் எழுதி வைத்திருந்தனர். எழுதியதைப் பலர் மதிக்கவில்லை. அவ்வாண்டுகளில் மாத்திரை விழுங்கிய கோடிக்கணக்கான மக்களின் மனவுறுதியைக் குறை கூறுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

டாக்டரைப் பழிப்பது என் கருத்தன்று. பெருந்துக்கத்திலும் கடும் நோயிலும் சில இரவுகளுக்கு இம்மருந்து செய்யும் உபகாரத்தை மறுக்க இயலாது. ஆனால் தொடங்கும் நாளிலேயே 'இதை எந்நாளில் நிறுத்துவோம், எவ்வாறு நிறுத்துவோம்' என்று சொல்லாமல் எழுதப்படும் சீட்டு பாதிச் சீட்டே. நம்மவரும் கேட்பதில்லை. பூசாரியிடம் திருநீறு வாங்குவதுபோல் இரு கை நீட்டி வாங்கிக்கொள்கின்றோம். மூடநம்பிக்கையைக் கண்டித்து இத்தனை காலம் பேசிய நாம், வெள்ளைச் சட்டைக்கு முன் மட்டும் பகுத்தறிவைக் கழற்றி வைப்பதேன்?

நிற்க. இதற்கு நேர்மாறான தவறொன்றும் உண்டு. அதுவே அதிக அபாயமானது. 'மனவுறுதி இருந்தால் இன்றிரவே தூக்கி எறிந்துவிடலாம்' என்று வீரம் பேசுவோர் நம் சீர்திருத்தக்காரர்களிலேயே பலர். கெடாவில் 1947-இல் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்த வரலாறு நமக்குப் பெருமை தருவது. ஆனால் கடையை மூடுவது வேறு, பழகிய மூளையை ஓர் இரவில் மூடுவது வேறு. நெடுநாள் உண்ட உறக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தக் கலக்கமும் நேரலாம், உயிரும் போகலாம். வருடக்கணக்காக மிகுதியாகக் குடித்தவனுக்கும் இதே ஆபத்து உண்டு. ஏனெனில் மதுவும் காபாவின் வேலையிலேயே கைவைக்கின்றது. குடிகாரனை இகழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போய் மாத்திரை விழுங்கும் கண்ணியவான் இதைச் சிந்திப்பாராக. மாத்திரையையும் மதுவையும் ஒரே இரவில் சேர்த்து உண்பவர் மூச்சடங்கி இறப்பதும் இக்காரணத்தினாலேயே.

முறையான சிகிச்சை பொறுமையை வேண்டுவது. இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் ஹெதர் ஆஷ்டன் என்னும் பேராசிரியை 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு கிளினிக் நடத்தினார். அவர் முறை, நோயாளியின் நிலைக்கேற்பச் சிறிது சிறிதாகக் குறைப்பது. மாதங்கள் பல ஆனாலும் அவசரப்படாதிருப்பது. 2025-இல் அமெரிக்காவில் வெளியான வைத்திய வழிகாட்டியும், முதலில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, அப்போதுள்ள அளவில் 5 முதல் 10 சதவிகிதம் குறைக்கலாம் என்கின்றது. இதை டாக்டரின் மேற்பார்வையிலேயே செய்ய வேண்டும். முதியோருக்கு இது மிக முக்கியம். இம்மாத்திரையின் மயக்கத்தில் இரவில் எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிவோர் உளர்.

மாத்திரை குறையும்போது உறக்கத்துக்கு வேறு வழி வேண்டுமன்றோ? நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதலில் அளிக்கத்தக்கது மருந்தன்று, நடத்தைச் சிகிச்சையே என்று அமெரிக்க வைத்தியக் கல்லூரி 2016-இல் அறிவித்தது. அதில் மாயமொன்றுமில்லை. உறக்கம் வந்தபின்னரே படுப்பது, வராவிடில் எழுந்து வேறிடம் போய் அமர்வது, எந்நாளும் ஒரே நேரத்தில் எழுவது. ஒன்பது மணி நேரம் படுக்கையில் கிடந்து ஆறு மணி நேரமே உறங்குபவர், முதலில் ஆறு மணி நேரம் மட்டும் படுப்பார். உறக்கம் செறிந்தபின் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டுவார். முதற் சில வாரங்கள் இது மாத்திரையினும் கசக்கும்.

'எல்லாம் மூளையின் வேலையென்றால் மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா?' என்று கேட்கலாம். பழியும் கடமையும் ஒன்றல்ல. சார்பு உண்டானதற்கு அம்மாதின்மேல் பழியில்லை. ஆனால் எத்தனை மாத்திரை உண்கின்றார் என்ற மெய்க்கணக்கை டாக்டரிடம் கூறும் கடமை அவருக்கு உண்டு. இரண்டு மூன்று கிளினிக்குகளில் தனித்தனியே சீட்டு வாங்கி ஒன்றை மற்றொன்றுக்கு மறைப்பது தவறே. ஆனால் 'அடிமை' என்று தூற்றப்படும் வீட்டில் எவர்தான் மெய்க்கணக்குக் கூறுவர்? மறைக்கக் கற்பித்ததே நம் நாக்கு.

மற்றொரு கேள்வியும் எஞ்சுகின்றது. அம்மாது முதன்முதலில் உறங்காமற் போனது எதனால்? விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து பழகிய குடும்பங்கள் தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்குவீடுகளுக்கு வந்துவிட்டன. ஒரு வாரம் பகல் வேலை, மறு வாரம் இரவு வேலை என்று தொழிற்சாலை பஸ் அவர்களை ஏற்றிச் செல்கின்றது. பகலில் உறங்க முயல்பவர்க்குச் சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டு வானொலி. தலையணைக்கு அடியில் கடன் சீட்டு. கிளினிக்கில் ஐந்து நிமிடத்தில் இவற்றை எவர் கேட்பர்? கேட்டாலும் அவற்றுக்குச் சீட்டு எழுதுவது டாக்டரின் கையில் இல்லை. முறைமாற்று வேலை நேரத்தைப் பற்றித் தொழிற்சங்கம் பேச வேண்டிய விஷயத்தை நாம் இராப்பொழுதில் ஒரு சிறு வெள்ளை மாத்திரையிடம் ஒப்படைத்திருக்கின்றோம்.

குறைக்கத் தொடங்கிய ஒருவருக்கு இரண்டாம் மாதத்திலோ மூன்றாம் மாதத்திலோ ஒரு கெட்ட வாரம் வருவதுண்டு. உறக்கம் போகும், சிறு சொல்லுக்கும் கண்ணீர் வரும். அனுபவமுள்ள டாக்டர் அவ்வேளையில் குறைப்பதை நிறுத்தி, அவ்வளவிலேயே சில வாரம் இருக்கச் சொல்வார். அந்த வாரத்தில் வீட்டார் மாத்திரை டப்பியை ஒளித்து வைக்காமல், இரவில் அவர் எழுந்து அமரும்போது ஒருவராவது உடன் எழுந்து அமர்ந்திருக்கலாம்.